அந்தக் கையொப்பம் யாருடையது?

வன்னியின் சனசமூக நிலையங்களுக்கும், நூலக வாசகர் வட்டங்களுக்கும், பாடசாலை விழாக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

பழைய அரசியல் தலைவர்களின் கடிதங்களைக் கண்ணாடிக்குள் வைக்கும்போது, ‘தலைவர் தம் கைப்பட ஒப்பமிட்டது’ என்று கீழே எழுதிவிடுகிறீர்கள். நன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அப்படி எழுதாதீர்கள் என்று கேட்பதற்கே இம்மடல்.

எங்கள் வீட்டிலும் ஒரு கடிதம் உண்டு. 1960களில் குளத்து வான் (மிகைநீர் வழியும் கட்டு) உடைந்தபோது, கமக்காரர்கள் சார்பில் அப்பா அனுப்பிய மனுவுக்கு ஒரு தலைவரிடமிருந்து வந்த பதில் அது. 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதிகளோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி, உரப்பைக்குள் வைத்து மாத்தளன்வரை சுமந்தோம். மீள்குடியேறிய பின் அயலூர்ப் பெரியவர் ஒருவர், அதே தலைவர் முழுவதும் கையாலேயே எழுதிய கடிதமொன்றைக் காட்டினார். இரண்டையும் அருகருகே வைத்தேன். பெரியவர் காட்டிய கடிதத்தில் தலைவரின் பேனா பெயரின் நடுவே தூக்கி எடுக்கப்பட்டு மீண்டும் ஊன்றியிருந்தது. எங்கள் கடிதத்திலோ ஒரே இழுப்பு. முதல் எழுத்தின் தொடக்கமே வேறு. ஒப்பமிட்டவர் செயலாளர்தான் என்ற முடிவுக்கு வந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா அதை அறியாமலே போனதில் ஓர் ஆறுதலும் இருந்தது.

ஆனால் அதில் மோசடி எதுவும் இல்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் வருகிறவர் என்ன செய்வார்? அமெரிக்காவில் 1833இலேயே, அரச காணிப் பத்திரங்களில் ஜனாதிபதியின் பெயரைச் செயலாளர் எழுதுவதற்குச் சட்டம் இடமளித்தது. கென்னடியின் பெயரால் போன கடிதங்களில் பெருந்தொகையானவற்றுக்கு அவருடைய செயலாளர்களே ஒப்பமிட்டார்கள். ஒப்பமிடும் இயந்திரமும் பயன்பட்டது. இயந்திர ஒப்பத்தைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகள் அப்படியே பொருந்தும். எந்த மனிதரும் தம் பெயரை இருமுறை அச்சுப் போல எழுதுவதில்லை. கோட்டின் தடிப்பு எங்கும் ஒன்றாக இருப்பதும், தொடக்கத்திலும் முடிவிலும் பேனா நின்ற புள்ளி தெரிவதும் வேறு அடையாளங்கள். இறப்பர் முத்திரையும் அச்சும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குத் தப்பமாட்டா.

செயலாளரின் கைதான் கடினம். அது உயிருள்ள கை. மையும் இயல்பாக ஓடும். பல ஆண்டுகள் பழகியவர் தலைவரின் வளைவுகளையெல்லாம் கற்றிருப்பார். ஆகவே ஒப்பத்தின் மொத்த வடிவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எழுத்துகள் இணையும் இடம், பேனா தூக்கப்படும் இடம், சாய்வு, பெயருக்குக் கீழ் இழுக்கும் கோடு எங்கே தொடங்குகிறது என்பவற்றைப் பாருங்கள். ஒப்பிடுவதற்கு எடுக்கும் மாதிரி, முழுவதும் கையால் எழுதிய கடிதமாகவோ சாட்சிகள் முன் ஒப்பமிட்ட உறுதியாகவோ இருக்கட்டும். அதே காலத்தைச் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும்.

காலத்தை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா முதுமையில் நடுக்குவாதத்தால் வருந்தியவர். 1950களின் கையொப்பத்தை வைத்துக்கொண்டு, 1970களில் நடுங்கிய கோட்டைப் ‘போலி’ என்று தள்ளுவது அவருக்குச் செய்யும் அநியாயம். 1927இல் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், வலது கை களைத்தால் இடது கையால் எழுதியவர்; தம் பெயரைத் தமிழிலும் ஒப்பமிட்டவர். அவருடைய எழுத்துகளுள் ஒன்று மற்றொன்றைப் போல இல்லை என்பதனால் மட்டும் அது அவருடையதல்ல என்று சொல்ல முடியுமா?

செயலாளர் ஒப்பமிட்டது என்று தெரிந்ததும் கடிதத்தைக் கழித்து ஒதுக்கிவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். குளத்து வான் உடைந்ததும், ஊர் மனு எழுதியதும், பதில் வந்ததும் அந்தத் தாளில் அப்படியே இருக்கின்றன. தலைப்புத் தாள், திகதி, தட்டச்சாளரின் முதலெழுத்துகள், கடித உறை எல்லாவற்றையும் சேர்த்தே வையுங்கள். ஒப்பத்தின்மேல் பசைநாடா ஒட்டாதீர்கள்; மையையும் தாளையும் அது கெடுத்துவிடும். வெளிநாட்டிலிருந்து விலைபேச வருகிறவரிடமும் உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள்.

அப்பாவின் கடிதத்தை உங்கள் அடுத்த கண்காட்சிக்குத் தருவதற்கு ஆயத்தமாக இருக்கிறேன். அதன் கீழே ‘தலைவருக்காகச் செயலாளர் ஒப்பமிட்டது’ என்று எழுதி வைப்பீர்களானால், நானே கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
முத்தையன்கட்டு வாசகர் ஒருவர்