செப்டெம்பருக்கு முதல் ஒருமுறை வெயிலுக்குப் போய் வா

அன்பு மகளுக்கு,

போனில் ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. பேத்தி, எங்கள் சின்னவள், நடுவில் வந்து போனைப் பறிக்கிறாள், நீயும் நைட் ஷிப்ட் முடிந்த அலுப்பில் "சரி அம்மா, பிறகு பார்ப்பம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மருமகனுக்கும் வாசிக்கக் கொடு.

ஸ்பெயினுக்கு ஒரு கிழமை போனால் என்ன என்று நீயே கேட்டாய். கையோடு "மூன்று பேருக்கும் சரியான காசு முடியும், அடுத்த வருடம் பார்ப்பம்" என்றும் சொன்னாய். அடுத்த வருடத்துக்குத் தள்ளாதே பிள்ளை. சின்னவள் வருகிற செப்டெம்பரில் ரிசெப்ஷன் என்கிற பள்ளித் தொடக்க வகுப்புக்குப் போகப் போகிறாள். அதற்குப் பிறகு ஈஸ்டர், ஓகஸ்ட், தவணை நடுவில் வருகிற ஹாஃப் டேர்ம் லீவு என்று பள்ளிக்கூடம் விடுகிற நாளில்தான் நீ போகலாம். நாடு முழுக்க அந்த நாட்களில்தான் போகும். அதே பிளேன், அதே இருக்கை, விலை மட்டும் இரண்டு மடங்கு, சில நேரம் மூன்று மடங்கு. கட்டாயப் பள்ளி வயது வந்த பிறகு தவணை நடுவில் கூட்டிக்கொண்டு போனால் ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்ஸ் தண்டம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் அது 160 ஆகும். இந்த வருடம் உனக்கு அந்தக் கட்டு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ வேலைக்குப் போன நாளில் இருந்து எடுத்த நீண்ட லீவெல்லாம் ரொறன்ரோக் கலியாணம், ஊரில் அந்தியேட்டி, இங்கே மச்சாளின் பிள்ளைக்குச் சாமத்திய வீடு என்றே போய்விட்டது. அதெல்லாம் செய்ய வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த முறை எங்களைப் பார்க்க லண்டனுக்கும் வர வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் உங்களுக்காக ஒரு கிழமை எடுங்கள்.

மே மாத முதல் வங்கி விடுமுறை முடிந்த பிறகு, கடைசிக் கிழமைப் பள்ளி லீவு தொடங்குவதற்கு முதல், நடுவில் இரண்டு கிழமை வரும். அதுதான் உங்களுக்கு ஏற்ற நேரம். தெற்கு ஸ்பெயினில் நல்ல வெயில் இருக்கும், ஆனால் ஓகஸ்ட் மாதிரிப் பிள்ளையை வாட்டாது. செவ்வாய், புதன்களில் போய்ச் செவ்வாய், புதன்களில் திரும்புகிற மாதிரிப் பார். வெள்ளியும் ஞாயிறும் எல்லாருக்கும் வேண்டிய நாள். உனக்கு ஆஸ்பத்திரி வார்ட்டில் ரோட்டா (வேலை முறைப் பட்டியல்) போடுவதால் முதலில் லீவை எழுதிக் கேள், கையில் கிடைத்த பிறகு ரிக்கற் எடு. மலிவு ரிக்கற்றைத் திகதி மாற்றப் போனால் புது ரிக்கற் விலையே வந்துவிடும்.

விலை எப்படி ஏறுகிறது என்று விளங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு பிளேனில் இருக்கிற இடங்களைக் கம்பனிக்காரர் ஒரே விலைக்கு விற்பதில்லை. ஆகக் குறைந்த விலைக்குக் கொஞ்ச இடம், அது முடிய அடுத்த விலைக்குக் கொஞ்சம், அப்புறம் அதற்கு மேல் என்று தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள். நீ மூன்று பேருக்கு என்று தேடும்போது குறைந்த தட்டில் இரண்டு இடம்தான் மிச்சம் என்றால், பெரும்பாலும் மூன்று பேருக்குமே மேல் தட்டு விலையைத்தான் காட்டும். அதனால் ஒருமுறை ஒரு ஆளுக்கு மட்டும் என்று போட்டுப் பார். விலை குறைந்தால் நீயும் சின்னவளும் ஒரு பதிவில், மருமகன் தனிப் பதிவில் என்று எடுக்கலாம். அவர் பிளேனில் தள்ளி இருக்க வேண்டி வரும், அவ்வளவுதான். இரண்டு வயது தாண்டினதால் சின்னவளுக்கு முழு இடம் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எக்கொனமியில் விமானப் பயணி வரி கிடையாது. பெரியவர்களுக்கு ஸ்பெயின் அளவு தூரத்துக்கு 2026 ஏப்ரலில் இருந்து 15 பவுண்ஸ். பதிவு செய்யும்போது பிள்ளையின் வயதைச் சரியாகப் போடு.

தேடுவதற்கு ஸ்கைஸ்கானரும் கூகிள் ஃப்ளைட்ஸும் நல்லது, மாதம் முழுவதையும் நாட்காட்டி மாதிரிக் காட்டும். ஆனால் காசு கட்டுவது விமானக் கம்பனியின் சொந்தத் தளத்தில்தான். அந்தத் தேடலில் ஐந்து பவுண்ஸ் குறைத்துக் காட்டுகிற இடைத்தரகர்கள் வருவார்கள். நேரம் மாறினால் அறிவித்தல் அவர்களுக்குப் போகும், உனக்கு வராது. பிளேன் நின்றால் காசு அவர்களிடம் போய், உன்னிடம் வந்து சேர நாள் எடுக்கும். ஐந்து பவுண்ஸுக்கு அந்தச் சோலி வேண்டாம்.

போகவும் வரவும் ஒரே கம்பனியில்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்குக் கிட்ட இருக்கிற லீட்ஸ் பிராட்ஃபோர்ட் எயார்போட்டில் இருந்து ஜெட்2, ரயன்எயார் இரண்டுமே தெற்கு ஸ்பெயினில் இருக்கிற மலாகாவுக்குப் போகும். மான்செஸ்டரில் ஈசிஜெட்டும் சேரும். உங்கள் வீட்டு வாசலில் இருந்து கணக்குப் பார். பிராட்ஃபோர்ட் எயார்போட்டுக்கு ரெயின் இல்லை, லீட்ஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்து பஸ் இருக்கிறது. மான்செஸ்டர் எயார்போட்டுக்கு லீட்ஸில் இருந்து நேராக ரெயின் போகும், ஆனால் மூன்று பேருக்கும் இரண்டு வழிக்கும் ரெயின் காசைச் சேர்த்துப் பார்த்தால் மான்செஸ்டரின் மலிவு அங்கேயே கரைந்துபோகலாம். நான் என்றால் 30 பவுண்ஸ் கூடினாலும் பிராட்ஃபோர்ட்டில்தான் எடுப்பேன். நித்திரைக் கண்ணோடு சின்னவளைத் தூக்கிக்கொண்டு ரெயின் ஏறி இறங்குகிற பாட்டை 30 பவுண்ஸுக்கு வாங்க வேண்டாம்.

நேரத்தைப் பற்றியும் சொல்கிறேன். மலிவுக் கம்பனிகளின் ஒரு பிளேன் ஒரு நாளைக்கு நாலு ஓட்டம் ஓடும். விடிய முதல் ஓட்டம் பெரும்பாலும் நேரத்துக்குப் போகும், ஏனென்றால் பிளேன் இரவு அங்கேயே நின்றிருக்கும். பகலில் எங்காவது அரை மணித்தியாலம் பிந்தினால் அது அடுத்த ஓட்டத்தில் ஏறி ஏறி, இரவு கடைசி ஓட்டத்தில் வந்து இறங்கும். ஆகவே திரும்பி வருகிற நாளில் கடைசிப் பிளேனை எடுக்காதே, அதுவும் அடுத்த நாள் விடிய உனக்கு வேலை என்றால் எடுக்கவே எடுக்காதே.

இனி பெட்டி. இவர்கள் இலவசமாக விடுவது முன் இருக்கைக்குக் கீழே போகிற சின்ன பாக் மட்டும். ரயன்எயாருக்கு 40, 30, 20 சென்ரிமீற்றர். ஈசிஜெட்டுக்கு 45, 36, 20. கைபிடி, சில்லு எல்லாம் அந்த அளவுக்குள் வர வேண்டும். ஜெட்2 மட்டும் 56, 45, 25 அளவில் 10 கிலோப் பெட்டியையும் சும்மா விடும். அதனால் முதல் பார்வைக்கு ஜெட்2 விலை கூடத் தெரிந்தாலும், மற்றவர்களில் பெட்டிக் காசைச் சேர்த்த பிறகு ஒப்பிட்டுப் பார். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கும் தன் பங்குக்கு ஒரு பாக் உண்டு. தள்ளுவண்டிக்குக் காசு இல்லை, பிளேன் வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாம். ஒரு கிழமைக்கு மூன்று சின்ன பாக் காணும். வெயில் கிறீமும் பிள்ளையின் சாமான்களும் அங்கே மெர்கடோனா கடையில் வாங்கலாம். பக்கத்தில் பக்கத்தில் இருக்க இருக்கைக் காசு கேட்பார்கள், அதையும் கூட்டு. கடைசிப் பக்கத்தில் வருகிற தொகைதான் விலை. ஒன்லைனில் செக்கின் செய்யாமல் போனால் ரயன்எயார் ஆளுக்கு 55 பவுண்ஸ் வாங்கும், வீட்டிலேயே செய்துவிடு.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். எயார்போட்டில் கவுண்டரில் நின்ற காலத்தில் எத்தனையோ குடும்பங்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. ஒரு குடும்பம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உன் சின்னவள் வயதில் ஒரு பிள்ளை, மஞ்சள் கறுப்புக்கண்ணாடி, கையில் மண் தோண்டுகிற வாளி. தகப்பன் பாஸ்போட்டைத் தந்து, "முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கு" என்று காட்டினார். நான் பார்க்க வேண்டியிருந்தது மற்றத் திகதியை, கொடுத்த திகதியை. அது பத்து வருடம் தாண்டிவிட்டது. தாயும் பிள்ளையும் உள்ளே போவதா, தகப்பனோடு வீட்டுக்குத் திரும்புவதா என்று அந்த இடத்திலேயே நின்று அழுதார்கள்.

ஐரோப்பாவுக்குள் நுழைகிற அன்று பாஸ்போட் கொடுத்துப் பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது. அங்கிருந்து வெளிக்கிடுகிற நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும். இரண்டும் தனித்தனிச் சட்டம். 2018 செப்டெம்பருக்கு முதல் இங்கே புதுப்பிக்கும்போது பழைய பாஸ்போட்டில் மிஞ்சின மாதங்களை, ஒன்பது மாதம் வரைக்கும், புதியதில் சேர்த்துக் கொடுத்தார்கள். அதனால்தான் இந்தக் குழப்பம். மருமகனுடையது அந்தக் காலத்துச் சிவப்பு அட்டை. 2016 ஏப்ரலில் கொடுத்தது, 2027 ஜனவரியில் முடிகிறது என்று இருந்தால், 2026 மே மாதம் அது ஸ்பெயினுக்குச் செல்லாது. இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சின்னவளுடையதையும் பார், பிள்ளைகளின் பாஸ்போட் ஐந்து வருடம்தான். கைக்குழந்தையாக இருக்கும்போது ரொறன்ரோ போக எடுத்தது, அந்த மூன்று மாதக் கணக்குக்குக் காணுமோ தெரியாது. புதியதுக்கு மூன்று கிழமையளவு எடுக்கும் என்கிறார்கள், ஆனால் நீ மே மாதத்துக்கு இப்போதே போடு.

பேரும் அப்படித்தான். எங்கள் ஆட்களின் பேர் நீளம், வீட்டில் கூப்பிடுகிறது ஒன்று, பாஸ்போட்டில் இருக்கிறது ஒன்று. உன் பாஸ்போட்டில் இன்னும் அப்பாவின் பேர்தான் குடும்பப் பேராக இருக்கிறது, கலியாணத்துக்குப் பிறகு நீ மாற்றவில்லை. ரிக்கற்றிலும் அதே பேர்தான் வர வேண்டும். பாஸ்போட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தட்டு, போன் தானாக நிரப்புகிற பேரை நம்பாதே. எழுத்துப் பிழை கண்டால் அன்றைக்கே திருத்து. நாள் போனால் பேர் மாற்றக் கேட்கிற காசு ரிக்கற் விலையைவிடக் கூட வரும். சின்னவளுக்கு மருமகனின் பேர் இருப்பதால் அவளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றைக் கையில் வைத்திரு.

ஸ்பெயினில் இறங்கியதும் கைரேகையும் படமும் எடுப்பார்கள். 2025 ஒக்ரோபரில் தொடங்கிய முறை இது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் படம் மட்டும். இதற்குக் காசு இல்லை, காசு கேட்டு எந்தத் தளம் வந்தாலும் மூடிவிடு. திரும்பும்போதும் அந்த வரிசை உண்டு, நேரத்தோடு போ.

காசு கட்டுவதைக் கிரெடிட் கார்டில் கட்டு. 100 பவுண்ஸுக்கு மேற்பட்ட சாமானுக்குக் கம்பனி மூடுப்பட்டாலும் கார்ட்காரரும் பொறுப்பு என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஹொட்டலும் பிளேனும் சேர்த்த பக்கேஜ் விலையையும் ஒருமுறை பார், அதற்கு அட்டோல் பாதுகாப்பு உண்டு, கம்பனி மூடுப்பட்டால் காசும் திரும்பி வருகிற வழியும் கிடைக்கும். 2019 செப்டெம்பரில் தோமஸ் குக் மூடுப்பட்டபோது வெளிநாட்டில் நின்ற ஒன்றரை லட்சம் பேரளவில் அரசாங்கம்தான் கூட்டிவந்தது. பயணக் காப்புறுதியை ரிக்கற் எடுக்கிற அன்றே எடு, பிளேன் ஏறுகிற அன்றைக்கு அல்ல. ஐரோப்பாவில் வருத்தம் வந்தால் அரச ஆஸ்பத்திரியில் காட்ட என்எச்எஸ் தருகிற ஜிஹெச்ஐசி கார்டையும் எடு, அதற்குக் காசு இல்லை.

கம்பனியின் பிழையால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால் லீட்ஸ் முதல் மலாகா தூரத்துக்கு ஆளுக்கு 350 பவுண்ஸ் கேட்கலாம், சின்னவளுக்கும் சேர்த்து. பிரான்ஸில் விமானக் கட்டுப்பாட்டுக்காரர் வேலைநிறுத்தம் செய்தால் அந்த நட்டஈடு கிடைக்காது. ஸ்பெயின் பிளேனும் பிரான்ஸுக்கு மேலால்தானே போகிறது, அதனால் நிற்கும். ஆனால் அப்போதும் சாப்பாடு, தேவையானால் தங்க இடம், வேறு பிளேனில் இடம் தர வேண்டியது அவர்கள் கடமை. விடாமல் கேள்.

மலாகா என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எயார்போட்டுக்குள்ளேயே ரெயின் நிற்கும். அதே சி1 ரெயின் ஒரு பக்கம் நகரத்துக்கும் மறுபக்கம் தொர்ரெமொலினோஸ் வழியாகப் ஃபுவென்ஹிரோலாவுக்கும் போகும், ரிக்கற் இரண்டு யூரோ அளவுதான். வாடகைக் கார், பிள்ளை இருக்கை என்று ஒன்றும் தேவை இல்லை. ரெயின் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடு. ஒரு பின்னேரம் பெத்ரெகலெஹோக் கடற்கரைக்குப் போங்கள். பழைய வள்ளத்துக்குள் மணலை நிரப்பி, அதன்மேல் விறகு எரித்து, சாளை மீனை வரிசையாகக் கோலில் கோத்துச் சாய்த்து நட்டுச் சுடுவார்கள். உப்பு மட்டும்தான் போடுவது. மே மாதம் தொட்டுத்தான் அந்த மீனில் கொழுப்பு ஏறும், உன் அப்பாவுக்குச் சொன்னால் தானும் வெளிக்கிடுவார். கடல் மட்டும் குளிர்தான், காரைநகர்க் கசூரினாக் கடற்கரை மாதிரி இராது. சின்னவளுக்கு மாற்று உடுப்பு இரண்டு சோடி கூட வை.

நான் வழக்கமாகக் கட்டித் தருகிற மட்டன் ரோல்ஸை இந்தப் பயணத்துக்கு எதிர்பார்க்க வேண்டாம். இங்கிருந்து ஐரோப்பாவுக்கு இறைச்சியும் பால் சாமானும் கொண்டுபோகத் தடை. இடிச்ச சம்பல் செய்து அனுப்புகிறேன், அதற்குப் பிரச்சினை இல்லை.

மருமகனின் பாஸ்போட்டையும் சின்னவளுடையதையும் படம் எடுத்து இன்றிரவே வாட்ஸ்அப்பில் போடு. திகதியைப் பார்த்துச் சொல்கிறேன். பிறகு லீவு கிடைத்த கிழமையைச் சொல், இரண்டு பேருமாகப் போனில் இருந்துகொண்டே ரிக்கற்றைப் போடுவம்.

அன்புடன்,
அம்மா