வெள்ளை ஓவியமும் மூன்று நண்பர்களும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல். நீயும் உன் நெடுநாள் தோழியும் பாட்டைப் பற்றியும் படத்தைப் பற்றியும் பேசுவதையே இப்போது தவிர்த்துவிடுகிறீர்கள் என்றும், பேச்செடுத்தாலே மனத்தாங்கலில்தான் முடிகிறது என்றும் எழுதியிருந்தாய். அந்த நினைப்போடுதான் சென்ற வாரம் யாஸ்மினா ரெசாவின் ‘ஆர்ட்’ நாடகத்தைப் பார்த்தேன். 1994இல் பாரிஸில் முதலில் மேடையேறி, கிறிஸ்டோபர் ஹாம்ப்டனின் மொழிபெயர்ப்பில் 1996இல் லண்டனுக்கும் 1998இல் நியூயார்க்குக்கும் சென்ற பிரெஞ்சு நாடகம் அது. உனக்காகவே எழுதப்பட்டதோ என்று பல இடங்களில் எனக்குத் தோன்றியது.

தோல் மருத்துவரான செர்ஜ், இரண்டு லட்சம் பிராங்க் கொடுத்து ஓர் ஓவியம் வாங்குகிறார். 1.60 மீட்டருக்கு 1.20 மீட்டர் அளவுள்ள அந்தத் திரைச்சீலை முழுவதும் வெள்ளை. அதன் மேல் சாய்வாகச் சில கோடுகள், அவையும் வெள்ளை. அதைப் பார்த்த பொறியாளர் மார்க், வாய்கூசும் ஒரு சொல்லால் ஏசிவிடுகிறார். இருவருக்கும் வேண்டியவரான இவான் நடுவில் சிக்கிக்கொள்கிறார். கதை அவ்வளவுதான். இந்த வெள்ளை வெறும் வேடிக்கைக்காகக் கட்டியதன்று. ஓவியர் காசிமிர் மாலேவிச் 1918இலேயே வெண்பரப்பின் மேல் சாய்ந்த வெண்சதுரம் ஒன்றைத் தீட்டியிருக்கிறார். ஆகவே செர்ஜை ஏமாளி என்று தள்ளிவிட்டு, மார்க்கோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் போக நம்மால் முடிவதில்லை.

மேடையமைப்பை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்று பேருடைய வீட்டுக்கும் ஒரே அறைதான். சுவரில் தொங்கும் படம் மட்டும் மாறுகிறது. மார்க்கின் வீட்டில் சன்னல் வழியே தெரியும் நிலக்காட்சி ஒன்று. இவானின் வீட்டில், தேர்ச்சியில்லாத கையால் வரைந்த ஒரு படம். வரைந்தவர் அவருடைய தந்தை. கலை என்று யாரும் மதிக்காத அந்தப் படத்தை எவருடைய விமரிசனத்துக்கும் காத்திராமல் அவர் மாட்டி வைத்திருக்கிறார். சண்டை முழுவதும் அந்த வெள்ளை ஓவியத்தைச் சுற்றியே நடந்தாலும், என் கண் என்னவோ இவானின் சுவருக்கே திரும்பத் திரும்பப் போயிற்று. பெற்றவள் என்பதால் இருக்கலாம்.

மார்க்கின் கோபம் பணத்தைப் பற்றியதுமில்லை, வண்ணத்தைப் பற்றியதுமில்லை என்பது போகப்போகத் தெரிகிறது. செர்ஜ் ஒரு காலத்தில் எதையும் மார்க்கின் கண்ணால் பார்த்தவர். அந்த மதிப்பில்தான் மார்க்கின் நட்பே வேரூன்றியிருந்தது. இப்போது செர்ஜ் தாமாக ஒன்றை விரும்பத் தொடங்கியதும், தம் இடத்தில் ஓர் ஓவியரைக் கொண்டுவந்து வைத்துவிட்டதாகவே மார்க் எடுத்துக்கொள்கிறார். செர்ஜும் சளைத்தவரல்லர். மார்க்கின் துணைவி சிகரெட் புகையைக் கையால் விலக்கும் விதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அந்த ஒரு கையசைவிலிருந்தே அவளுடைய குணம் முழுவதையும் அவர் கண்டனம் செய்கிறபோது, நெருங்கிப் பழகியவர்களால் மட்டுமே இவ்வளவு குறிபார்த்து அடிக்க முடியும் என்று எனக்கு நடுக்கமே வந்தது. கைகலப்பை விலக்கப் போன இவானுக்குத்தான் காதில் அடி விழுகிறது. அதன்பின் மூவரும் உட்கார்ந்து பேச்சே இல்லாமல் ஆலிவ் பழங்களைத் தின்கிறார்கள். அரங்கத்தில் அத்தனை பேரும் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீ எப்போதும் இவானைப் போலச் சமாதானம் பேசுகிறவள் என்பதால் சொல்கிறேன்: அவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு, உடன்பாடு இல்லை. செர்ஜிடம் ஒன்றும் மார்க்கிடம் ஒன்றுமாகத் தலையாட்டுகிறவரிடம் இருவருமே கடைசியில் எரிந்து விழுகிறார்கள். வாய்விட்டு ஏசிய மார்க்குக்கு, தம் நண்பர் எதைப் பார்க்கிறார் என்பதாவது ஒரு பொருட்டாக இருந்தது. நீயும் உன் தோழியும் இப்போது கடைப்பிடிக்கிற அந்த மரியாதையான மௌனத்தைவிட அந்தச் சண்டையே மேல் என்பது என் எண்ணம். அவளுக்குப் பிடித்த பாட்டு உனக்கு அலுப்பூட்டுகிறது என்றால் அதை அவளிடமே சொல். சொல்லிவிட்டு, அதில் அவள் எதைக் கேட்கிறாள் என்று கேட்டு, அவள் பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இரு.

முடிவைப் பற்றி உன் கருத்து எனக்கு வேண்டும். செர்ஜ் ஒரு மார்க்கர் பேனாவை மார்க்கின் கையில் கொடுத்து, அந்த வெள்ளைப் பரப்பில் வரையச் சொல்கிறார். மார்க் சாய்கோடு ஒன்றின் வழியே சறுக்கி இறங்கும், கம்பளித் தொப்பி அணிந்த ஒரு குட்டி மனிதனை வரைகிறார். பிறகு இருவருமே அதைக் கழுவித் துடைக்கிறார்கள், நட்பும் பிழைக்கிறது. ஆனால் அந்த மை கழுவினால் போய்விடும் என்பது செர்ஜுக்கு முன்பே தெரியும். தெரியுமா என்று மார்க் கேட்டபோது, தெரியாது என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பொய்யை மன்னிக்கலாம் என்று உன் அப்பா சொல்கிறார், என்னால் முடியவில்லை. செர்ஜ் தம் விருப்பத்துக்குரிய பொருளையே நண்பருக்காகப் பலிகொடுத்தார் என்று மார்க் நம்பியிருக்க, அங்கே பலியே நடக்கவில்லையே! நாடகப் பிரதி உனக்கு எளிதாகக் கிடைக்கும். உன் தோழியையும் படிக்கச் சொல்லி, இருவரும் யார் பக்கம் என்று தனித்தனியாக எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அம்மா