உடப்பில் வெந்த இறால் சோறு கந்தப்பளையில் வேகவில்லை

அன்புள்ள புவனா,

எப்படி இருக்கிறாய்? மாமி, பிள்ளைகள், உன் வீட்டுக்காரர் எல்லோரும் சுகமா? ஆடி பிறந்துவிட்டது, உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிக்கான வேலைகள் தொடங்கியிருக்கும், நீயும் விரதத்தில் இருப்பாய். இந்த நேரம் பார்த்து இறாலைப் பற்றி எழுதுகிறேன், விரதம் முடிந்த பிறகு ஆறுதலாக வாசித்தாலும் சரி.

இங்கே கந்தப்பளையில் மூன்று கிழமையாக விடாத மழை. துணி ஒன்றும் காய்வதில்லை, எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் தொங்கவிட்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. நாற்பது வருடம் கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கிய கால், குளிர் வந்தால் சும்மா இருக்குமா. பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கிறது. தம்பி வழக்கம்போல இரவில் லீக்ஸ், கரட் ஏற்றிக்கொண்டு லொறியில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடைக்குப் போய் வருகிறான். மெனிங் மரக்கறிச் சந்தை அங்கே மாறியதில் எங்களுக்கு ஒரு நன்மை, மரக்கறியை இறக்கிவிட்டு நடந்து போகிற தூரத்தில் மீன் சந்தையும் இருக்கிறது. திரும்பி வரும்போது ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு ஏதாவது கொண்டுவருவான். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு இறால் வரத் தொடங்கியது.

போன வருடம் ஆவணி விடுமுறையில் உன் வீட்டுக்கு வந்தேன் இல்லையா, அந்த மத்தியானத்தை நான் மறக்கவே இல்லை. அம்பாப் பாட்டு பாடிக்கொண்டு மீனவர்கள் கரைவலை இழுத்ததைப் பார்த்துவிட்டு, வெயிலில் கருகிப்போய் வீட்டுக்கு வந்தால், மாமி ஒரே ஒரு மண்சட்டியை அடுப்பில் வைத்து அரிசியும் இறாலும் தேங்காய்ப்பாலுமாக எட்டுப் பேருக்குச் சமைத்து இறக்கிவிட்டார். குழம்பு வேறு, சோறு வேறு என்று இல்லை. பக்கத்தில் ஒரு வெங்காயச் சம்பல், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு நான்கு மணிக்கு வந்து, அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அதன் பிறகு மூன்று கறி வைத்துச் சோறாக்குவது எவ்வளவு அலுப்பு என்று உனக்குத் தெரியும். இது எனக்கென்றே செய்த சாப்பாடு என்று அன்றைக்கே நினைத்தேன்.

மாமி சொன்னதை அப்படியே எழுதி வந்தேன். அரிசி அளக்கிற சுண்டுப் பேணியால் சம்பா அரிசி ஒரு சுண்டுக்கு இரண்டு சுண்டு தண்ணீர், தண்ணீர் வற்றிச் சோறு வெந்துவரும்போது இறாலைப் போட்டு மூடு, பதினைந்து இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்.

முதல் தடவை செய்தபோது தண்ணீர் வற்றிவிட்டது, இறாலைப் போட்டேன், மூடினேன், திறந்து பார்த்தால் அரிசி நடுவில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக நிற்கிறது. இன்னும் ஒரு சுண்டு தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் வைத்தேன். சோறு ஒரு வழியாக வெந்தது, மேலே குழைந்து அடியில் பிடித்து. இறாலோ சுண்டு விரல் நகம் அளவுக்குச் சுருங்கி ரப்பர் போல ஆகிவிட்டது. அம்மாவால் கடிக்க முடியவில்லை, தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டார். அரைக்கிலோ இறாலின் விலை உனக்குத் தெரியும் புவனா, தம்பியும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான், எனக்கு அன்று இரவு நெஞ்சு அடைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் தரம் 8க்குக் கொதிநிலைப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். உயரம் கூடக்கூட வளிமண்டல அமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்! ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு பாகை குறையும். பக்கத்து நுவரெலியா நகரமே 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆய்வுகூட வெப்பமானியைக் கொண்டுவந்து கொதிக்கிற சட்டியில் வைத்துப் பார்த்தேன், 94 பாகையைத் தாண்டவில்லை. உன் வீட்டுக் கடற்கரையில் 100 பாகையில் வேகிற அரிசி இங்கே 94இல் மெதுவாகத்தான் வேகும், அதற்குள் தண்ணீர் ஆவியாகித் தீர்ந்துவிடும். மாமியின் கணக்கில் பிழையே இல்லை, அது கடல் மட்டத்துக் கணக்கு.

அப்புறம்தான் இன்னொன்று விளங்கியது. சோற்றுக்குத்தான் இங்கே நேரம் போதவில்லை, இறாலுக்கு அப்படி இல்லை. இறால் வேக 60, 65 பாகையே போதும், 94 அதற்குத் தாராளம். அதனால் இரண்டையும் ஒரே சட்டியில் வைத்தாலும் ஒன்றுக்காக ஒன்றைக் காக்கவைக்கக் கூடாது. சோறு முழுசாக வெந்து முடிந்த பிறகுதான் இறால் சட்டிக்குள் போக வேண்டும், உங்கள் ஊரில் போல வேகிற நடுவில் போட்டால் இங்கே கெட்டுவிடும்.

இரண்டாவது தடவை தம்பி இறால் கொண்டுவந்தபோது தலையையும் ஓட்டையும் கழற்றிக் குப்பைக் கூடையில் போடப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு காசு குடுத்து வாங்கி அதுல பாதிய வெளிய கொட்டுறியே" என்று. உண்மைதான், தலையும் ஓடும் சேர்ந்தால் எடையில் பாதிக்குக் கிட்ட வரும். எங்கள் சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் கருவாட்டுத் தலையைக்கூட வீணாக்கமாட்டார், வறுத்து இடித்து ரசத்தில் போடுவார், உனக்கும் ஞாபகம் இருக்கும், நீயும் எங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாய். நமக்குக் கடல் என்று வந்ததெல்லாம் கூட்டுறவுக் கடைச் சாக்கில் இருந்த நெத்திலியும் கூனி என்கிற காய்ந்த பொடி இறாலும் கருவாடும்தானே. பச்சை மீன் என்றால் சம்பள நாளில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு "மாலு, மாலு" என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் வாங்குவது, அதுவும் மலை ஏறி வருவதற்குள் செவுள் வெளுத்திருக்கும். அம்மாவின் பாட்டி மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்தவர். கடலைத் தாண்டி வந்த குடும்பத்தில் அம்மா பச்சை இறாலைக் கையில் தொட்டது அறுபத்தெட்டு வயதில்.

சரி, அம்மா சொன்னபடி தலையையும் ஓட்டையும் தேங்காய் எண்ணெயில் போட்டு வறுத்தேன், நன்றாகச் சிவந்து வரும்வரை, அகப்பையால் தலைகளை அமத்தி அமத்தி. இறாலின் சிவப்பு எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் மட்டும் அவித்தால் அந்த நிறம் வராது. ஐந்து சுண்டு தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் நான்கு சுண்டு வந்தது. வீடு முழுக்க வாசம்! பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி என்ன சமையல் என்று கேட்டார். அந்தத் தண்ணீரில்தான் இப்போது சோற்றை வேகவைக்கிறேன். இறாலைக் கடைசியில் போட்டால் ருசி சோற்றில் இறங்காதே என்ற கவலையும் அதோடு போய்விட்டது.

இப்போது செய்கிற விதத்தைச் சொல்கிறேன், மாமிக்கும் வாசித்துக் காட்டு. கீரிச் சம்பா இரண்டு சுண்டு, கழுவி அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும், இங்கே இது கட்டாயம், ஊறாத அரிசியோடு இந்தக் குளிரில் போராட முடியாது. அரைக்கிலோ இறாலை உரித்து, முதுகைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு, உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள் பிரட்டி வைப்பேன். தேசிக்காய்ப் புளியை அப்போது விடுவதில்லை, புளியில் அதிக நேரம் கிடந்தால் இறாலின் மேல்தசை வெளுத்து இறுகிவிடுகிறது. சட்டி சூடானதும் எண்ணெயில் இறாலைப் பக்கத்துக்கு அரை நிமிடம் மட்டும் காட்டி எடுத்துவிடுவேன், உள்ளே பச்சையாகவே இருக்கட்டும். அதே சட்டியில் தலை, ஓடு வறுத்துத் தண்ணீர் வடிக்கிறது. வடிக்க ஒரு கிண்ணம் வேண்டும், மற்றபடி எல்லாம் அந்த ஒரு சட்டிதான்.

திரும்ப எண்ணெய் விட்டு கறுவாப்பட்டை, இரண்டு ஏலக்காய், பெருஞ்சீரகம், ரம்பை, கறிவேப்பிலை, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு. இங்கே நான் ஒன்று சேர்த்திருக்கிறேன், லீக்ஸின் வெள்ளைப் பகுதி, பொடியாக அரிந்து நிறையவே. உங்கள் ஊரில் அது விலை, எங்களுக்குக் கொல்லையில் நிற்கிறது. வதங்கினால் இனிப்பு இறங்கும், அந்த இனிப்பும் இறாலின் இனிப்பும் அப்படி ஒட்டிப்போகிறது. கரட்டும் போட்டுப் பார்த்தேன், எனக்கு அது வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது, நிறத்துக்கு மட்டும்தான். ஒரு தக்காளி போதும். அப்புறம் அரிசியை வடித்துப் போட்டு இரண்டு நிமிடம் கிளறி, வடித்த நான்கு சுண்டு தண்ணீரையும் உப்பையும் விட்டு, பெரிய நெருப்பில் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு வந்து மேலே சின்னச் சின்னக் குழி விழுந்ததும் நெருப்பைக் குறைத்து, மூடிக்குக் கீழே ஒரு துணி போட்டு, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிடுவேன். ஆவி வெளியே போகாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இருபத்தைந்து நிமிடம், திறக்கவே கூடாது.

பிறகு திறந்து ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்து, நடுவில் வெள்ளை இல்லை என்றால் மட்டும் இறாலை மேலே பரப்பி, அரைச் சுண்டு கட்டித் தேங்காய்ப்பால், லீக்ஸின் பச்சை இலை தூவி மூடி மூன்று நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் அப்படியே. இறால் பிறை மாதிரி வளைந்திருந்தால் பதம், வட்டமாகச் சுருண்டுவிட்டால் கூடிப்போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு தேசிக்காய்ப் புளி விட்டு ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரட்டிப் பரிமாறலாம்.

குக்கரிலும் ஒரு நாள் வைத்தேன், அமுக்கம் கூடுவதால் சோறு சீக்கிரம் வேகிறது, விசில் அடங்கிய பிறகு இறாலைச் சூட்டில் புதைத்து மூடினால் அதுவும் சரியாகவே வருகிறது. விடைத்தாள் திருத்துகிற நாளில் அதைத்தான் செய்வேன். ஆனால் அடியில் பொன்னிறமாக ஒட்டியிருக்கிற சோறு குக்கரில் கிடைக்காது, தம்பிக்கு அது வேண்டும், சுரண்டி எடுத்துச் சாப்பிடுவான். அம்மாவும் சட்டியைத்தான் கேட்கிறார். 2022இல் காஸ் இல்லாமல் கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு பொறுக்கி வந்து எரித்தோமே, அந்த அடுப்பை அம்மா இன்னும் இடிக்கவிடவில்லை, ஞாயிற்றுக்கிழமையில் அதில்தான் இறால் சோறு.

போன ஞாயிறு அம்மா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இறாலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். பிறகு, புவனா எப்படி இருக்கிறாள், அவள் தினமும் இதைச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். நான் என்ன சொல்வது, தினமும் இல்லை அம்மா, அவர்களுக்கும் பிடிபடுகிற நாளில்தான் என்றேன்.

உன்னிடம் இரண்டு விசயம் கேட்க வேண்டும். தம்பி வாங்கி வருவது சில நாள் தசை இறுக்கமாக இனிப்பாக இருக்கிறது, சில நாள் மண் வாசம் லேசாக அடிக்கிறது. புத்தளம், முந்தல் பக்கத்துப் பண்ணை இறாலா கடல் இறாலா என்று பார்த்தவுடன் எப்படித் தெரிந்துகொள்வது? மாமிக்குத் தெரியாமல் இருக்காது, கேட்டு எழுது. தலையை உடனே கழற்றி ஐஸில் வைத்தால் தசை இளகாமல் இருக்கிறது என்பதை மட்டும் நான் கண்டுகொண்டேன், தம்பியிடமும் சொல்லிவிட்டேன், இப்போது சந்தையிலேயே கழற்றித் தலையைத் தனிப் பையில் கட்டி வருகிறான்.

இன்னொன்று, இந்த மழையில் லொறி போகாத கிழமையும் வரும். பாதை அடிக்கடி மூடப்படுகிறது. அப்போதைக்கு உங்கள் ஊர்க் கூனி கால்கிலோ கிடைக்குமா? கடையில் கிடைப்பதில் மணல் அதிகம். வெள்ளிக்கிழமை இரவு தம்பி பேலியகொடையில் இருப்பான், உங்கள் ஊரிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்துவிடு. நான் பதிலுக்கு ஒரு கட்டு லீக்ஸும் அம்மா உனக்கென்று எடுத்து வைத்திருக்கிற தேயிலைத்தூளும் அனுப்புகிறேன், லீக்ஸைப் போட்டு மாமியையும் ஒரு தடவை செய்து பார்க்கச் சொல். உங்கள் ஊரில் தண்ணீர் நான்கு சுண்டு வேண்டாம், மூன்றரை போதும்.

அன்புடன்,
சரஸ்