தம்பிக்கு, அப்பாவின் ஃபோல்டர் பற்றி

அன்புள்ள தம்பி,

அப்பாவின் திவசத்தன்று நீ வீடியோவில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஐயர் இருந்தார், மாமிமார் இருந்தார்கள், படைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. "ட்ரைவில அப்பாட ஃபோல்டரைக் காணேல்லை, என்ன நடந்தது?" என்று நீ கேட்டதும் போனை அப்பாவின் படத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். அப்பாவின் புத்தகங்களை நீ பக்கம் பக்கமாகப் படமெடுத்து கூகுள் ட்ரைவில் போட்டு வைத்த ஃபோல்டர் அது. அழித்தது நான்தான். கை தவறி இல்லை. யோசித்து, ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்துத்தான் அழித்தேன். இப்போது அது ட்ரைவின் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது. அங்கே 30 நாள் இருக்கும், பிறகு தானாகவே போய்விடும். உனக்கு வேண்டுமென்றால் அதற்குள் சொல், மீட்டு உன் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன்.

இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிருப்பாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் வாசிப்பார்கள் என்று தெரியும். ஆகவே வீட்டை ஏன் அவ்வளவு அவசரமாகக் காலி பண்ண வேண்டி வந்தது, அலுமாரி யாரிடம் போனது என்ற கதைகள் இங்கே வராது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும்.

உடனடிக் காரணம் சின்னது. ஜிமெயில், ட்ரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து கூகுள் சும்மா தருவது 15 ஜிபி. 2021 யூனுக்குப் பிறகு ஏற்றுகிற படமெல்லாம் அதற்குள்தான் கணக்கு. 2024இல் இருந்து அண்ட்ரொய்ட் போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே கணக்கில் ஏறத் தொடங்கியது. நிரம்பினால் மெயில் வருவது நின்றுவிடும். எனக்கு நின்றது. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்திருக்க வேண்டிய கடிதம் வந்து சேரவில்லை. உன்னிடம் சொன்னபோது, "காசைக் கட்டி 100 ஜிபி எடு அக்கா, நான் அனுப்புறன்" என்றாய். எதைச் சொன்னாலும் காசு அனுப்புகிறேன் என்பது எப்போதிருந்து உன் பதிலாகிப் போனது என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, முதலில் வாட்ஸ்அப்பில் தொடங்கினேன். செட்டிங்கில் சேமிப்பு என்ற பகுதிக்குள் போனால் பெரிய ஃபைல்களையும், பலமுறை ஃபோர்வேர்ட் ஆகி வந்தவற்றையும் தனித்தனியாக அடுக்கிக் காட்டுகிறது. காலை வணக்கப் பூக்கள். நல்லூர்த் தேர். பப்பாளி இலைச் சாறு பற்றி ஒரே டொக்டர் பேசும் ஒரே வீடியோ, நான்கு குரூப்பில் இருந்து. 2022இல் பெட்ரோல் எடுக்க வைத்திருந்த கியூஆர் படம். அதெல்லாம் போக ஒரு குறையும் தெரியவில்லை. படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டேன். இனி நான் தொட்டால்தான் இறங்கும்.

அடுத்தது பிடிஎஃப் நாவல்கள். எத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள், எத்தனையை நான் ஆசையாகச் சேமித்து வைத்திருக்கிறேன்! ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் ஒரு சதம் போகாத களவுப் பிரதிகள் அவை. நமது ஊரில் முந்நூறு பிரதி அடித்துவிட்டு, அதை விற்க அலைகிற எழுத்தாளர்களை அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நீ படமெடுத்துப் போட்ட அப்பாவின் ஃபோல்டர்.

நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும் தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விசா வந்த கையோடு, தூங்காமல், ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துப் படமெடுத்தாய். பல படங்களின் ஓரத்தில் உன் இடது பெருவிரல் இருக்கிறது, பக்கம் மூடாமல் அமத்திப் பிடித்தபடி. நகத்தின் கீழே அந்தப் பழைய வெட்டுக் காயம்கூடத் தெரிகிறது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று உனக்குச் சொல்லப்போவதில்லை. விரல் இருக்கிற சில படங்களையும், அப்பா பென்சிலால் ஓரக்குறிப்பு எழுதிய பக்கங்கள் எல்லாவற்றையும் வேறாக எடுத்து வைத்திருக்கிறேன். அழித்தது மிச்சத்தைத்தான்.

ஆனால் புத்தகங்களைப் பேப்பர்காரருக்கு நிறுத்துக் கொடுத்தாயே. அது 2022 மார்ச் முடிந்த கையோடு. அச்சடிக்கக் கடதாசி இல்லை என்று மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்த மாதம் அந்த மார்ச். பழைய கடதாசிக்கு நல்ல விலை வந்தது என்று நீ சந்தோஷப்பட்டாய். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த மாதக் கடைசி இரவு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 31ஆம் திகதி. பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டு. கூடத்துத் தரையில் படமெடுக்க வேண்டிய புத்தகங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாய், நடக்க இடமில்லை. சரியான வெக்கை. பல்கனிக் கதவைத் திறந்தால் காற்றுக்குப் பதில் நுளம்புதான் வந்தது. காலி வீதிப் பக்கம் எங்கோ ஒரு ஜெனரேட்டர் ஓடியது, அது நின்றபோது கடற்கரையோரம் போகிற ரயிலின் சத்தம் கேட்டது. உன் போன் செத்துவிட்டது, பவர் பேங்கும் செத்துவிட்டது. என்னுடையதில் கொஞ்சம் சார்ஜ் இருந்தும் சிக்னல் இல்லை. கீழ் வீட்டுக்காரர் படியில் நின்று, "மிரிஹானையில சனம் கூடிட்டுதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார், ஜனாதிபதி கோட்டாபயவின் வீட்டுப் பக்கம். நீ கூண்டுக்குள் அடைத்த மாதிரி அங்கும் இங்கும் நடந்தாய். பிறகு கீழே இருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டாய். "வாசி, நான் கேக்கிறன்."

வீரகேசரிப் பிரசுரம். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வீரகேசரிப் பத்திரிகை நம்மவர்களின் நாவல்களாகப் போட்டுத் தள்ளியதே, அதில் ஒன்று. வன்னிக் காட்டோரக் கிராமம் ஒன்றின் கதை. கடதாசி பழுத்து ஓரம் பொடிந்தது. மெழுகுதிரியைப் பேணி மூடியில் நிறுத்தி என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாய். நான் வாசிக்கத் தொடங்கியபோது உனக்குச் சிரிப்பு, அந்தக் காலத்து வசனம் என்று. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. காடு எரிகிற இடத்தில் நீ எழும்பி உட்கார்ந்தாய். ஓர் இடத்தில் ஓரத்தில் அப்பா பென்சிலால் "இது பொய். வன்னியில் இப்படிக் கதைக்க மாட்டார்கள்" என்று எழுதியிருந்தார். அதையும் வாசித்தேன். அப்பாவே பக்கத்தில் இருந்து குறுக்கே கதைப்பது போல இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். தண்ணி குடிக்க நிறுத்தியபோது, "நிப்பாட்டாதை" என்றாய். முதல் திரி முடிந்து இரண்டாவது கொளுத்தினோம். அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஓர் இரவு முழுக்க ஒரே இடத்தில் இருந்தது அன்றைக்குத்தான்.

பிறகு கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, மெழுகுதிரி அணைந்தது, நீ சார்ஜரைத் தேடி ஓடினாய். இன்னும் சில பக்கங்கள்தான் மிச்சம். "முடிச்சிடுவம்" என்றேன். "நாளைக்கு அக்கா, நாளைக்கு" என்றாய், மிரிஹானை வீடியோக்களில் இருந்து கண்ணை எடுக்காமலே. ஊரே கொந்தளித்த இரவு, நீ பார்த்தது பிழை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாளை வரவில்லை. அந்தக் கிழமைக்குள் படமெடுத்து, கட்டி, கொடுத்தும் விட்டாய். நான் தெஹிவளைக்கு வீடு மாறுகிற வேலையில் இருந்தேன்.

ஃபோல்டரை அழிக்க உட்கார்ந்தபோது முதலில் தேடியது அந்தப் புத்தகத்தைத்தான். பக்கங்கள் ஒழுங்கு மாறிக் கிடந்தன. கடைசிப் பக்கங்கள் வந்தபோது கை ஆடியிருக்கிறது. எழுத்து எழுத்தாகவே தெரியவில்லை, வெறும் சாம்பல் நிறக் கோடுகள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

"1981இல யாழ்ப்பாணம் நூலகம் எரிஞ்சது உனக்குத் தெரியாதோ?" என்று அப்போது கேட்டாய். தெரியும். 97,000 நூல்கள். அப்பா அதைச் சொல்லும்போது குரல் மாறும். ஸ்கேன் பண்ணி வைக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 2005இல் இருந்து 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளம் அதைத்தான் செய்து வருகிறது. மல்லிகை இதழ்கள் அங்கே வடிவாக, பக்க ஒழுங்கோடு இருக்கின்றன. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய சஞ்சிகையை இன்றைக்கு லண்டனில் இருந்தும் நீ வாசிக்கலாம். நீ எடுத்த மல்லிகைப் படங்களை நான் கவலையில்லாமல் அழித்ததற்கு அதுதான் காரணம். பாதுகாப்பதற்குப் புத்தகத்தை நிறுத்து விற்கத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

திரையில் வாசித்தால் என்ன, கடதாசியில் வாசித்தால் என்ன என்றும் கேட்டாய். அதையும் தேடிப் பார்த்தேன். 2018இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, தகவல் கட்டுரைகளைக் கடதாசியில் வாசித்தவர்களுக்கே கூடுதலாக விளங்கியது என்கிறது. கதை வாசிப்பில் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே ஆய்வை வைத்து உன்னோடு வாதாட வரவில்லை. என் போனில் ஒரு பக்கம் முடிவதற்குள் மேலே இருந்து ஏதாவது ஒன்று இறங்குகிறது, பாதி நேரம் அது நீ அனுப்பியதாக இருக்கிறது. நீ அனுப்பினால் திறக்காமல் இருக்க எனக்கு மனம் வராது. திறந்தால் யாரோ ஒருவரின் வீடியோ. உன் குரல் அதில் இல்லை.

மனம் நொந்திருப்பாய், மன்னித்துக்கொள். உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே என்பாய். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் விட்டிருப்பேன். அந்தப் புத்தகங்களைக் கொடுக்கும்போது நீயும் என்னைக் கேட்கவில்லை. பழிக்குப் பழி என்று நினைக்காதே. அப்படி இல்லை. ஆனால் கேட்கவில்லை.

இப்போது இரவில் போன் குசினி லாச்சிக்குள் போகிறது. தொடக்கத்தில் வாசிப்பு ஓடவில்லை. கண் வரியில் நிற்கும், மனம் நிற்காது. கை தானாகவே பக்கத்தில் தடவும். பெரிய நாவலை ஒதுக்கிவிட்டுச் சிறுகதைகளில் தொடங்கினேன், ஒரே இருப்பில் முடிக்கக் கூடியவை. வெள்ளவத்தையில் பூபாலசிங்கம் புத்தகக் கடையில் ஒரு தொகுப்பு வாங்கினேன். விலையைப் பார்த்தால் நெஞ்சு பகீர் என்கிறது. டொலர் ஏறியபோது இந்தியப் புத்தகங்களுக்கு ஏறிய விலை ஏறியதுதான். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் போய் இருந்தேன். அங்கே மேசையில் இருந்து வாசிக்கிற வயதானவர்களைப் பார்க்கும்போது அப்பாவைத் தேடிக் கண் போகிறது, அதைத் தடுக்க முடியவில்லை.

நம் நாவலுக்காக மருதானைப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்வந்தேன். டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கிறதே, அங்கே. சிங்களப் பாடசாலை வழிகாட்டிகளுக்கும் இங்கிலீஷ் நாவல்களுக்கும் அடியில் எங்காவது தமிழ்ப் புத்தகங்கள் ஒரு கட்டு கிடக்கும். கடைக்காரர் பொறுமையான மனிதர், என் முகம் பழகிவிட்டது. கடைசியில் அவரே ஒரு கட்டைத் தூக்கி வந்து தூசி தட்டி வைத்தார். அதில் இருந்தது. அப்பாவின் பிரதி இல்லை. முதல் பக்கத்தில் ஏதோ ஒரு வாசிகசாலையின் முத்திரை, ஊர்ப் பெயர் அழிந்துவிட்டது. அட்டை இல்லை. கடைசிப் பக்கங்கள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன்.

அந்த இரவு நிறுத்திய இடம் வரை திரும்ப வாசித்துவிட்டேன். அதற்கு மேல் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே இரவு எட்டரைக்கு எடு, உனக்கு அப்போது பின்னேரம். வீடியோ வேண்டாம், சாதாரண கோல். மாமிமாரை இணைக்காதே. நான் வாசிக்கிறேன், நீ கேள். அரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது. கிண்டில் வாங்கி அனுப்புகிறேன், ஓடியோ புக் போட்டுத் தருகிறேன் என்று தொடங்காதே. கேட்டுக்கொண்டே மற்றப் பக்கத்தில் எதையாவது தட்டினால் எனக்குத் தெரியும், நீ "ம்ம்" சொல்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். அப்படியென்றால் எடுக்க வேண்டாம், நான் தனியாக முடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா