ரிவர்ஸ் போட்டதும் பாட்டு நிற்க வேண்டும்

திருச்சி

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு காலையில் காரை வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று டிக்கியில் யாரோ படபடவென்று தட்டினார்கள். பூக்காரம்மா. இறங்கிப் பார்த்தால் எதிர்வீட்டுக் குழந்தை, மூன்று வயசு, பம்பருக்கு இரண்டு சாண் தள்ளி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தம்மா நாலு தடவை கத்தியிருக்கிறார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பின்னால் ஏதாவது இருந்தால் கத்துகிற பார்க்கிங் சென்சார் கத்தியதா என்றுகூடத் தெரியாது. அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்ள.

2019 ஜூலையிலிருந்து வரும் கார்களுக்கு பார்க்கிங் சென்சார் கட்டாயம். என்னுடையது அதற்கு முந்தியது. சென்சாரை வெளிக்கடையில் தனியாக வாங்கி மாட்டினேன். அதன் பஸ்ஸர் டிக்கிக்குள் எங்கோ கிடக்கிறது. பாட்டுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? அதனால் ரிவர்ஸ் கியர் விழுந்ததும் பாட்டு தானாக நிற்கிற மாதிரி ஒன்று செய்துவிட்டேன்.

ரிவர்ஸ் போட்டதும் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச், பாட்டு செட்டின் கம்பியைத் துண்டிக்கட்டும் என்று நீ போனில் சொன்ன யோசனைதான் எனக்கும் முதலில் வந்தது. ஆனால் செட்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் சிவப்புக் கம்பியை அப்படித் துண்டித்தால், ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் செட் அணைந்து மறுபடி முதலிலிருந்து எழுந்திருக்கும். ஸ்பீக்கர் பக்கம் கை வைப்பது அதைவிட ஆபத்து. இந்த செட்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் கம்பி எர்த் (காரின் இரும்பு பாடி) கிடையாது. அதிலும் ஆம்ப்ளிஃபையர் வெளியீடுதான் வருகிறது. தவறிப்போய் பாடியில் பட்டால் செட்டுக்குள் இருக்கும் ஐசி சிப் போய்விடும்.

செட்டைக் கழற்றிப் பின்னால் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு கம்பி, முனையில் டேப் சுற்றிச் சும்மா கிடந்தது. போன் வந்தால் பாட்டை நிறுத்துவதற்காக வைத்த மியூட் கம்பி அது. எர்த்தில் தொட்டுப் பார்த்தேன். பாட்டு நின்றது. எடுத்தேன், வந்தது. ஸ்விட்ச் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதை அழுத்த ஒரு கை மட்டும்தான் தேவை என்று அப்போதே புரிந்துவிட்டது.

அந்தக் கை ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர். எமிட்டர், கலெக்டர், பேஸ் என்று மூன்று கால்; பேஸுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். எமிட்டர் எர்த்துக்கு, கலெக்டர் பழுப்புக் கம்பிக்கு. ரிவர்ஸ் லைட்டிலிருந்து 12 வோல்ட் எடுத்து, 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்குக் கொடுத்தேன். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 கிலோ ஓம். வேலை செய்தது. ஆனால் சந்தில் முன்னும் பின்னுமாகத் திருப்பும்போது பாட்டு விட்டு விட்டு வந்தது, கேட்கச் சகிக்கவில்லை. சரி, கொஞ்ச நேரம் தாமதிக்கட்டும் என்று 47 கிலோ ஓமுக்கு முன்னால், எர்த்துக்குக் குறுக்கே, கரண்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிற 22 மைக்ரோ ஃபாரட் கேபாசிட்டர் ஒன்றைப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை! இரவு பதினொரு மணி வரை மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் பொறி தட்டியது. கியரை எடுத்ததும் கேபாசிட்டரில் இருந்ததெல்லாம் ரிவர்ஸ் பல்பு வழியாகவே ஓடிவிடுகிறது. 21 வாட் பல்பின் இழை கேபாசிட்டருக்கு ஷார்ட் மாதிரிதானே? கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுகிற 1என் 4007 டையோடு ஒன்றை லைட்டுக்கும் கேபாசிட்டருக்கும் நடுவில் வைத்தேன், கூடவே 1 கிலோ ஓம். இப்போது கியர் மாற்றிய பிறகும் சுமார் மூன்று வினாடி அமைதியாக இருந்துவிட்டுப் பாட்டு வருகிறது.

லைட் கம்பியிலிருந்து கிளை எடுக்கும் இடத்திலேயே அரை ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கிறேன், அதை மட்டும் விட்டுவிடாதே. கம்பி டிக்கியிலிருந்து டேஷ்போர்டு வரை கதவோரம் பட்டைக்கு அடியில் வருகிறது. வழியில் எங்காவது உரசிப் பிய்ந்தால் அந்த ஃபியூஸ்தான் காப்பாற்றும்.

நேற்று கியரைப் போட்டதும் பாட்டு நின்றது. ஜன்னல் வழியாக அந்தக் குழந்தை, திண்ணையில் உட்கார்ந்து யாரிடமோ கதை சொல்வது தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே கிளட்ச்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் தங்கச்சி உங்கள் எல்லோரையும் விசாரித்தாள். ஆடிப்பெருக்குக்கு வருவாய்தானே? காரிலேயே வா. கிளம்பும் முன் உன் செட்டின் பின்னால் பழுப்புக் கம்பி இருக்கிறதா என்று பார்த்து எழுது. உனக்கும் ஒன்று சால்டர் செய்து எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்,
மாப்ள