உப்பு போட்டாச்சு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மாலை என் வீட்டுக்காரரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். படியேற முடியாது என்பதால் கூடத்திலேயே கட்டிலைப் போட்டிருக்கிறோம். இப்போது தூங்குகிறார். காலுக்கு அண்டக்கொடுத்த தலையணை நழுவும்போது மட்டும் ஒரு முனகல். அதைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை சாலையில் அந்த விபத்து எப்படி நடந்தது என்று மறுபடி எழுதப் போவதில்லை. உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் எனக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டீர்கள். எனக்குத்தான் அன்றைய பொழுது துண்டு துண்டாக இருக்கிறது. மத்தியானம்தான் காலைக் குனிந்து பார்த்தேன்: ஒரு செருப்பு என்னுடையது, இன்னொன்று மகளுடையது.

முதலில் அந்தக் கல்லூரித் தம்பி. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை தன் புத்தகப் பையை அவர் முகத்துக்கு மேல் பிடித்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றானாம். சித்திரை மாதத்துத் திருச்சி வெயில், சொல்ல வேண்டுமா? ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்திருக்கிறான். “போலீஸ் கேஸ்ல என்னையும் இழுப்பாங்களாக்கா?” என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறான். உதவி செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2020-இல் அதற்கான விதியும் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நர்ஸ் விளக்கியதும், சரிக்கா என்று பெயர் சொல்லாமலே போய்விட்டான். நல்ல சட்டம்தான். ஆனால் சாமி கும்பிடும்போது சொல்ல எனக்கொரு பெயர் இல்லாமல் போய்விட்டது.

ரத்தம் கொடுத்த மூன்று பேருக்கும், கொடுக்க வந்து வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் நன்றி. நானும் கையை நீட்டினேன். ஹீமோகுளோபின் 12.5 வேண்டும், உங்களுக்கு 10.8தான், முதலில் நீங்கள் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியிருக்கிறேன். 12.5 வந்த அன்றைக்கு வந்து நிற்பேன், இது சத்தியம். கவுன்ட்டரில் என் கை நடுங்கியபோது முன்னால் வந்து, “நம்மைக் காக்கும் 48 திட்டத்துல இந்த ஆஸ்பத்திரி இருக்கில்ல? முதல் 48 மணி நேரத்துக்கு எதுக்கு அட்வான்ஸ்?” என்று கேட்டாரே, அவருடைய அலுவலக நண்பர், அந்த அண்ணனுக்கு நன்றி. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கென்று 2021 டிசம்பரிலிருந்து இருக்கிற அரசுத் திட்டம். ஊர் முழுக்க எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போய் மூன்று நாள் வைத்துக்கொண்டவர்கள், எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்காமல் பணத்தை என் பைக்குள் திணித்தவர்கள், வராந்தாவில் செய்தித்தாள் விரித்துப் படுத்தவர்கள், உறையூர் வெக்காளியம்மன் சூலத்தில் சீட்டு எழுதிக் கட்டிய அத்தை, எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதினால் விடிந்துவிடும்.

மீதி இடம் முழுக்க ஒருத்திக்கு. பெயரைப் போட்டால் திட்டுவாள்.

அவளும் நானும் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் காலையில் நடக்கிற கூட்டத்தில் இருவர். நெருங்கிய சினேகிதி என்று சொல்ல முடியாது. நாலு வருஷப் பழக்கத்தில் அவள் வீட்டு அடுப்படி எனக்குத் தெரியாது, என் வீட்டு அடுப்படி அவளுக்குத் தெரியாது. அன்று மத்தியானம் அவருடைய ஆதார் அட்டையும் போன் சார்ஜரும் எடுத்து வர ஒரு ஆள் தேவைப்பட்டது. எதிரே அவள் நின்றாள். சாவியைக் கொடுத்தேன். பீரோவில் இரண்டாவது தட்டு என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் அட்டையும் சார்ஜரும் வந்தன. கூடவே என் இன்னொரு செருப்பும். அப்போதும் அவள் வேறெதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தேன். அவர் கண் விழித்துப் பேசிவிட்டார், நீ போய்க் குளித்துவிட்டு வா என்று விரட்டினார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தபோது மணி பத்து. வரும் வழியிலேயே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை காலையில் நாலு ஆழாக்கு இட்லி அரிசியும் ஒரு ஆழாக்கு உளுந்தும் ஊறப்போட்டுவிட்டு, பதினோரு மணிக்கு அரைக்கலாம் என்று இருந்தேன். பத்தே காலுக்குப் போன் வந்தது. நாலு நாள் ஊறிய உளுந்து இந்த வெயிலில் என்ன ஆகியிருக்கும்? கதவைத் திறக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

வாடையே இல்லை. மேடை துடைத்திருந்தது. கிரைண்டர் கல்லைக் கழுவி ஒரு பழைய துண்டின்மேல் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். நடுத்தட்டில் இரண்டு பாத்திரம். ஒன்று என்னுடையது. இன்னொன்று நான் பார்த்தே இராத எவர்சில்வர் தூக்கு. இரண்டிலும் மாவு. தூக்கின் மூடிமேல் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய சீட்டு: “உப்பு போட்டாச்சு. மறுபடி போட்டுடாதே.”

தூக்கைப் பிடித்தபடி ஃபிரிட்ஜ் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நாலு நாளும் அழவில்லை. அங்கே எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், எப்படி அழுவது? அந்த அரிசியை ஊறப்போட்டவள், சாயங்காலம் தேங்காய்ச் சட்னியா தக்காளிச் சட்னியா என்பதைத் தவிர வேறு கவலை இல்லாதவள். அவள் பாதியில் போட்டுவிட்டுப் போன வேலையை யாரோ எடுத்து முடித்து, எனக்காக வைத்திருந்தார்கள்.

பிறகு யோசிக்க யோசிக்கத்தான் கணக்குப் புரிந்தது. மாவு அரைப்பது ஒரு நடையில் முடிகிற வேலை இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வந்து உளுந்தைத் தனியாக, அரிசியைத் தனியாக ஆட்டிக் கரைத்து வைத்திருக்கிறாள். இந்தச் சூட்டில் ராத்திரியோடு பொங்கி வழியும் என்று தெரிந்து, என் பாத்திரம் போதாமல் தன் வீட்டுத் தூக்கைக் கொண்டுவந்திருக்கிறாள். மறுநாள் விடிகாலை மறுபடி வந்து, பொங்கிய மாவை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதெல்லாம் “காபி குடிச்சியா?” என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கல் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், உன் வீட்டில் வெந்தயம் பூச்சி பிடித்திருக்கிறது என்று நேற்றுத்தான் சொன்னாள். அதுவும் நான் துருவிக் கேட்டதால்.

மாவு நன்றாகப் புளித்திருந்தது. இட்லிக்கு ஆகாது. வெங்காயம் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமாக வார்த்தேன். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாத மகள் நின்றபடியே ஐந்து சாப்பிட்டாள். ஆறாவது எனக்கு.

ஒன்றை எழுதாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். போன ஐப்பசியில் அவள் மாமனார் தவறிப்போனார். மாமனார் என்றுதான் பெயர், அவளுக்கு அப்பா மாதிரி. செய்தி எங்கள் நடைக் குழுவில் வந்தது. நான் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். தனியாக, “எதுவும் வேணும்னா சொல்லு” என்றும் அனுப்பினேன். அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அவள் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. பதினாறு நாள் காரியம் முடிந்து நடைக்கு வந்தபோது இளைத்திருந்தாள். அதையும் நான் பாராட்டாகத்தான் சொன்னேன் என்பது இப்போது நினைத்தால் கூசுகிறது.

“எதுவும் வேணும்னா சொல்லு” என்ற அந்த வார்த்தையை இந்தப் பத்து நாளில் எனக்கும் நிறையப் பேர் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், குறையில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாதபோது என்னத்தைச் சொல்வது? உளுந்து ஊறிக்கொண்டிருந்தது எனக்கே நினைவில்லை. இனி யாருக்காவது அப்படி எழுதக் கை வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது என்று வைத்திருக்கிறேன். போய் நின்றால் ஏதாவது கண்ணில் படும். சும்மா நிற்கிறேனே என்று தோன்றினால் இரண்டு பாத்திரமாவது துலக்கிவிட்டு வருவேன்.

அவள் தூக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்றுத் துலக்கும்போதுதான் கவனித்தேன், விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருக்கிறது. அவள் மாமனார் பெயர். வீட்டில் இத்தனை பாத்திரம் இருக்க, அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்பாள் என் அம்மா. காலையில் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டேன், வெந்தயம் புதிதாக வாங்கியது. இப்போதுதான் ஆட்டி முடித்தேன். நாளைக்கு நடைக்குப் போகும் வழியில் கொண்டுவருகிறேன், வீட்டில் இரு. உப்பு போட்டாச்சு. மறுபடி போட்டுடாதே.