வீடு திரும்பும் முதியவரைப் பற்றி ஊர்த் தன்னார்வலருக்கு யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மன்னார்குடிப் பக்கம் சொந்த ஊரில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் வயதானவர் யார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாலும், மருந்துப் பையோடு எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. எந்த மருந்தை நிறுத்தினார்கள், எதைத் தொடர்வது என்று யாரும் தெளிவாகச் சொல்லி அனுப்புவதில்லை. அந்தப் பைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் இந்தக் குறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைச் சரிசெய்யப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை என்பதால் வற்புறுத்தியே எழுதுகிறேன்.

எங்கள் எதிர்வீட்டு அம்மாள் எழுபதைக் கடந்தவர். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பலவீனமான இதயம் மூன்றும் உண்டு, சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது. மூச்சுத்திணறலோடு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, தேறி வந்தார். சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "எதை எப்போது போடுவது என்று எழுதிக் கொடு தம்பி" என்று பையைத் திண்ணையில் கவிழ்த்தார். புதிய சீட்டில், ரத்தக்கொதிப்புக்கான டெல்மிசார்டன் மாத்திரை ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தது. அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த அட்டையிலும் அதே டெல்மிசார்டன்தான், ஆனால் வேறு கம்பெனி, வேறு பெயர். மாத்திரையின் நிறமும் வேறு என்பதால் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னதை, படுத்துக் கிடந்த பலவீனம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை விஷயம் இன்னும் கவலைக்குரியது. சிறுநீரகம் வடிகட்டும் திறன் ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அந்த மருத்துவமனையும் நிறுத்தியிருந்தது. எப்படியென்றால், புதிய பட்டியலில் அதை எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாமல் விட்ட ஒன்றை நோயாளி எப்படிப் படித்துத் தெரிந்துகொள்வார்? சர்க்கரைக்கு எப்போதும் போடும் மாத்திரைதானே என்று வீட்டில் மீதமிருந்த அட்டையைத் தொடர்ந்து சாப்பிட்டுவந்தார். அவருடைய மகளை அங்கேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசவைத்து, மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்ட பிறகுதான் பழைய அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தோம்.

அவர் கையில் கொடுத்து அனுப்பிய டிஸ்சார்ஜ் அறிக்கை பல பக்கம். முழுக்க ஆங்கிலம். ரத்தப் பரிசோதனை எண்கள், எக்கோ என்னும் இதய ஸ்கேன் முடிவு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அடுத்து அவரைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அது தேவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால், நாளை காலை எழுந்து மாத்திரை போடப்போகிறவருக்கு அதில் கிடைப்பது "1-0-1" (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்ற எண்களும், ஒரு வாரம் கழித்து வரவும் என்ற ஒற்றை வரியும்தான். அந்த ஒரு வாரத்துக்குள் என்ன நடந்தால் யாரை அழைப்பது என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை.

பல நோய்கள் ஒன்றாக உள்ளவர்களுக்கு வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. காய்ச்சலோ நோய்த்தொற்றோ இருக்கும்போது சர்க்கரை தாறுமாறாக ஏறும். வார்டில் இன்சுலின் அளவைக் கூட்டுவார்கள். தொற்று தணிந்து வீட்டுக்கு வந்ததும் உடலுக்கு அவ்வளவு இன்சுலின் தேவைப்படாது. வாய்க் கசப்பில் சாப்பாடும் பாதியாகக் குறைந்திருக்கும். ஊசி மட்டும் சீட்டில் உள்ள அதே அளவில் தொடரும். விடியற்காலையில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, பேச்சுக் குழறிக் கிடப்பவரைப் பக்கவாதம் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அடுத்தது மூட்டுவலி. ரத்தக்கொதிப்புக்கு டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரில், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, இவற்றோடு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். வயதானவருக்குச் சில நாள்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம். முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கியதால் மறுபடி வார்டில் படுத்தவர்களை என் பணிக்காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். வலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும். இதயம் பலவீனமானவர்களுக்கும் அப்படித்தான். தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது உடம்பில் தேங்கும் நீர். மூச்சுத்திணறல் வருவதற்கு முன்பே மருத்துவரை அழைத்துவிடலாம்.

இதையெல்லாம் யார் சொல்வது? இதயத்துக்கு ஒரு டாக்டர், சிறுநீரகத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு இன்னொருவர். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகவே செய்கிறார்கள். ஒருவர் நீர் மாத்திரையைக் கூட்டுகிறார், மற்றவர் குறைக்கச் சொல்கிறார். நடுவில் முடிவெடுக்க வேண்டியவர் கண் மங்கிய எழுபது வயதுக்காரர். பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று வந்து, பணம் கட்டி, வீட்டில் விட்டுவிட்டு மறுநாளே கிளம்ப வேண்டிய நிலை அவர்களுக்கு. அவர்கள்மேல் பழிபோட எனக்கு மனமில்லை.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. நாட்டிலேயே அதுதான் முதல். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இவை பெருமைக்குரியவை. ஆனால், எங்கள் ஊரிலிருந்து கிண்டி வெகுதூரம். வாசல்வரை வருவது வேறொன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைச் சொல்கிறேன். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது பெற்ற திட்டம் அது. ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. வெயிலில் தெருத்தெருவாக நடக்கும் அந்த மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களை நான் மிகவும் மதிக்கிறேன். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவருக்கு, தன் பகுதியில் ஒரு முதியவர் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியிருக்கிறார் என்ற செய்தி போய்ச் சேர வேண்டாமா? எனக்குத் தெரிந்த குடும்பங்களில், அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியவந்திருக்கிறது. செய்தி போகாவிட்டால் தன்னார்வலர் கையில் இருப்பது பழைய பட்டியல்தான். மருத்துவமனை நிறுத்திய மாத்திரையை அடுத்த மாதம் அவரே நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து கொடுத்துவிடக்கூடும். அது அவருடைய பிழையாகாது.

நான் கேட்பது இதுதான். அரசு மருத்துவமனையானாலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சையளிக்கும் தனியார் மருத்துவமனையானாலும், பல நோயுள்ள முதியவரை வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுக்க வேண்டும். அதில், நிறுத்திய மருந்துகள் எவை என்று பெரிய எழுத்தில் முதலில் இருக்க வேண்டும். புதியவையும் தொடர வேண்டியவையும் அதன் பிறகு. கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பெயரும் வேண்டும். அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். அந்தப் பக்கத்தின் நகல் அன்றைக்கே அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஒரு வாரத்துக்குள் தன்னார்வலரோ கிராம சுகாதாரச் செவிலியரோ வீட்டுக்குச் சென்று, அலமாரியில் உள்ள அட்டைகள் அத்தனையையும் வெளியே எடுத்து வைத்து அந்தப் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். சந்தேகம் வந்தால் சுகாதார நிலையத்து மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ அங்கிருந்தே பேசலாம். யாருக்கும் இது அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை அல்ல.

மாநிலக் காப்பீட்டோடு இணைந்து நடக்கும் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில், வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான மருந்தும் பரிசோதனையும் சிகிச்சைத் தொகுப்பிலேயே அடக்கம் என்று விதி இருக்கிறது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் குடும்பத்தை நான் சந்தித்ததே இல்லை. அந்த ஒற்றைப் பக்கத்தின் அடியில் இந்த வரியையும் அச்சிடலாம்.

சுகாதாரத் துறை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்த்து, மறுபடி வார்டில் சேரும் முதியோரின் எண்ணிக்கை குறைகிறதா என்று கணக்கெடுக்கட்டும். எங்கள் திருவாரூர் மாவட்டத்திலேயே தொடங்கலாம். அப்படித் தொடங்கினால், என்னைப் போல் ஓய்வுபெற்று ஊரில் இருக்கும் மருந்தாளுநர்களையும் செவிலியர்களையும் கூப்பிடுங்கள்; மருந்துப் பையைப் பிரித்துப் பார்க்கும் வேலைக்கு ஊதியம் கேட்காமல் வருவதற்கு நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.